முள் சொல்லாத கணக்கு

மணாலி - லே சாலையில் ஓடும் லாரிகளில் டீசல் கேஜ் உண்டு. அதைப் பார்த்து ஓட்டுகிறவர்கள்தான் இல்லை.

இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் தண்டி என்று ஒரு சிற்றூர். சந்திரா, பாகா என்ற இரண்டு ஆறுகள் இங்கே கூடிச் சந்திரபாகா ஆகின்றன. கீழே போகப் போக அதுவே செனாப். லாஹௌல் மக்களுக்கு இது புண்ணிய சங்கமம். லாரிக்காரர்களுக்குத் தண்டி என்றால் ஆறு அல்ல, பெட்ரோல் பங்க். அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எச்சரித்த இந்த ஊர்ப் பலகையின் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத மோட்டார் சைக்கிள் பயணி அபூர்வம். லேவுக்குச் சுமார் 35 கிலோமீட்டர் முன்னால், காரு என்ற ஊரில் பங்க் உண்டு. ஆனாலும் இந்தச் சாலையில் கணக்குப் போடுகிறவர்கள் பலகையின் எண்ணையே வைத்துப் போடுகிறார்கள். கணக்கு தப்பினாலும் நல்ல பக்கமாகத் தப்பட்டும் என்ற எண்ணம்தான்.

சுற்றுலாப் பயணிக்கு 365 என்பது சாகசம். லாரி டிரைவருக்கு அது வகுத்தல் கணக்கு. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், டேங்கில் எத்தனை லிட்டர், நடுவில் எத்தனை மலை. மூன்றாவது கேள்விக்கான விடை எல்லோருக்கும் தெரியும். பாராலாச்சா கணவாய் சுமார் 4,890 மீட்டர், லாச்சுங் லா 5,000 மீட்டருக்கு மேல், தங்லங் லா 5,300 மீட்டருக்கும் மேல். முதல் கேள்விக்கு அனுபவம் விடை சொல்லும். இரண்டாவதற்கு விடை சொல்ல வேண்டியது டாஷ்போர்டில் இருக்கும் முள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

செப்டம்பர் கடைசியில், பிலாஸ்பூர் மாவட்டத்திலிருந்து சிமெண்ட் ஏற்றி வந்த ஒரு பத்துச் சக்கர லாரியில் தண்டியிலிருந்து இடம் கிடைத்தது. டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். மண்டி பக்கத்துக்காரர். இருபது வருடங்களுக்கு மேலாக இந்தச் சாலையில் ஓட்டுகிறார். கிளீனர் பையன் அவரை 'உஸ்தாத்' என்கிறான். அவர் அவனைச் 'சோட்டு' என்கிறார். பெயரைப் போட வேண்டாம், முதலாளி பார்த்துவிடுவார் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். முதலாளிக்குத் தமிழ் தெரியாதே என்றேன். "கணக்கு தெரியும்" என்றார்.

வண்டிக்கு இரண்டு டேங்க். இடது பக்கம் இருப்பது கம்பெனி கொடுத்தது. வலது பக்கத்து உருளை டேங்க், பிற்பாடு பட்டறையில் மாட்டியது. டாஷ்போர்டில் இருப்பது ஒரே ஒரு கேஜ், அதற்குக் கீழே ஒரு சுவிட்ச். மேலே தட்டினால் இடது டேங்கின் அளவு, கீழே தட்டினால் வலது டேங்கின் அளவு தெரியவேண்டும். தட்டிப் பார்த்தேன். மேலே தட்டினால் முக்கால். கீழே தட்டினாலும் முக்கால். சாவியை எடுத்துவிட்டால்? அப்போதும் முக்கால்தான். "பதினொரு மாதமாக முக்கால் டேங்க் குறையவே இல்லை. இப்படி ஒரு வண்டி வேறு யாரிடம் இருக்கிறது?" என்று சிரித்தார் உஸ்தாத்.

டீசல் கேஜ் அப்படியொன்றும் மர்மமான சாதனம் அல்ல. டேங்குக்குள் ஒரு மிதவை. அது ஒரு கம்பியின் நுனியில் ஏறி இறங்குகிறது. கம்பியின் மறுமுனை ஒரு மின்தடைச் சுருளின் மீது உராய்கிறது. மிதவை இறங்கினால் தடை மாறும், ஓடும் மின்சாரம் மாறும், முள் நகரும். குலுங்கும் சாலையில் சுருள் ஒரே இடத்தில் தேய்ந்துபோகும். டேங்கைச் சட்டத்தோடு இணைக்கும் எர்த் ஒயர் துருப்பிடிக்கும். மிதவையில் ஓட்டை விழுந்தால் அது மூழ்கிவிடும், நிறைந்த டேங்கையும் காலி என்று காட்டும். கம்பி எங்காவது இறுகிக்கொண்டால், முக்காலில் நின்றது முக்காலிலேயே நிற்கும்.

எல்லாம் ஒழுங்காக வேலை செய்தாலும் மலையில் முள்ளின் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஏற்றத்தில் டீசல் டேங்கின் பின்பக்கம் சேரும், இறக்கத்தில் முன்பக்கம். மிதவை எந்த முனைக்கு அருகில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரே அளவு டீசல் ஏறும்போது ஒரு மாதிரியும் இறங்கும்போது வேறு மாதிரியும் தெரியும். டேங்கின் வடிவமும் ஏமாற்றும். படுக்க வைத்த உருளையில் கால் பங்கு உயரத்துக்கு டீசல் நின்றால் அது கால் டேங்க் அல்ல, ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. மதுரை நெடுஞ்சாலையிலோ நாக்பூர் நெடுஞ்சாலையிலோ இந்த வித்தியாசத்தை யாரும் கவனிக்கப் போவதில்லை. அங்கே அடுத்த பங்க் அரை மணி நேரத்தில் வந்துவிடும். இங்கே அந்த வித்தியாசத்தின் பெயர் லாச்சுங் லா.

அதனால் தண்டியில் உஸ்தாத் பார்ப்பது முள்ளை அல்ல. சீட்டுக்குப் பின்னாலிருந்து இரண்டு குச்சிகளை எடுத்தார். லாஹௌலில் வீட்டுக்கு வீடு வளரும் வில்லோ மரத்துக் குச்சிகள். கத்தியால் வரிசையாக வெட்டுகள். டேங்கைக் காலி செய்துவிட்டு, பங்கில் 20 லிட்டர் ஊற்றி ஒரு வெட்டு, இன்னொரு 20 லிட்டருக்கு அடுத்த வெட்டு என்று போட்ட அளவு. இடது டேங்கின் வெட்டுகள் சம இடைவெளியில் இருக்கின்றன. வலது உருளையின் குச்சியில் நடுவில் நெருக்கமாகவும் இரு முனைகளில் அகன்றும் இருக்கின்றன. வட்டத்தின் கணிதத்தை எந்தப் பள்ளிக்கூடமும் இல்லாமல் கத்தி எழுதியிருக்கிறது. குச்சிகள் மாறிப்போகாமலிருக்க வலது பக்கத்துக் குச்சியின் தலையில் ஒரு சிவப்புத் துணி.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி அளந்தார். வலதில் 90 லிட்டர், இடதில் 130. மொத்தம் 220. சுமையோடு இந்தச் சாலையில் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் என்பது அவர் கணக்கு. லே போய்ச் சேர 182 லிட்டர் வேண்டும். மிச்சம் 38. போதுமே என்றேன். "வழியில் யாரும் நிற்காமல் இருந்தால் போதும்" என்றார். ஒரு கல்சரிவு, ஓடையில் மாட்டிக்கொண்ட ஒரு லாரி, இரவில் மறுபடி ஸ்டார்ட் ஆகாது என்ற பயத்தில் ஸ்லோவில் ஓடவிட்ட எஞ்சின், இவற்றில் ஏதாவது ஒன்று அந்த 38 லிட்டரைக் குடித்துவிடும்.

இன்னும் 20 லிட்டர் போட்டுக்கொண்டார். பணம் தன் பையிலிருந்து. முதலாளிக்குக் கடன் கணக்கு இருப்பது கீழே சமவெளியில் ஒரு பங்கில். அங்கேதான் ட்ரிப்புக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து கொடுக்கிறார்கள். அதற்கு மேல் செலவானால் டிரைவர் தலையில். ஒரு முள் பொய் சொல்வதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது தண்டி பங்கிலேயே புரிந்துவிடுகிறது.

கேலாங்கைத் தாண்டி, ஜிஸ்பாவைத் தாண்டி, தார்ச்சா வரை பச்சை உண்டு. அதற்குமேல் பாறையும் சரளையும்தான். தண்டியிலிருந்தே வலது டேங்கில்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஏன் சேர்த்துப் போட்ட டேங்கை முதலில் காலி செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன காரணத்தை எந்த எஞ்சினீயரும் ஒப்புக்கொள்வார். "பட்டறை வேலை எப்போது காலை வாரும் என்று தெரியாது. வாருவதாக இருந்தால் தார்ச்சாவுக்கு முன்னால் வாரட்டும். அங்கே ஆள் இருக்கிறது, ரோடு இருக்கிறது, கம்பெனி டேங்க் தொடாமல் இருக்கிறது. பாங்கில் போய் இந்தப் பக்கம் திறந்து, டீசல் வரவில்லை என்றால் யாரைக் கேட்பது?"

வராமல் போவதற்கு நிறைய வழிகள் உண்டு. டேங்க் மூடியில் காற்று புக ஒரு சிறு துளை இருக்கும். மோரே சமவெளியின் புழுதி அதை அடைத்துவிட்டால், உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசல் இறங்க மறுக்கும். டேங்க் நிறைய டீசல் இருக்க, எஞ்சின் பட்டினியில் சாகும். இன்னொன்று ரிட்டன் பைப். டீசல் எஞ்சின் தேவைக்கு மேல் இழுத்து, மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். இழுப்பது வலது டேங்கிலிருந்தும் திரும்புவது இடது டேங்குக்குமாக இருந்தால், ஒன்று கணக்கைவிட வேகமாகக் குறையும், மற்றது நிரம்பி வழியும். உஸ்தாதின் பழைய வண்டியில் அப்படி வழிந்ததாம். பின்னால் வந்த டிரைவர் ஹாரன் அடித்துச் சொல்லியிருக்கிறார். இந்த வண்டியில் இழுக்கும் குழாய்க்கு ஒன்றும் திரும்பும் குழாய்க்கு ஒன்றுமாக இரண்டு காக். டேங்க் மாற்றும்போது சோட்டு இரண்டையும் திருப்ப வேண்டும். திருப்பியதும் உரக்கச் சொல்ல வேண்டும். இரண்டு முறை.

பாராலாச்சாவுக்கு முன்னால், மதிய வெயிலில் பனி உருகிப் பெருகிய ஓடை ஒன்றில் ஒரு லாரி அச்சு முறிந்து கிடந்தது. ஐந்து மணி நேரம். எல்லைச் சாலை அமைப்பின் இயந்திரம் வந்து இழுத்துப் போட்ட பிறகுதான் வழி கிடைத்தது. 1960இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பின் இரண்டு திட்டங்கள் இந்தச் சாலையைக் கவனித்து வந்திருக்கின்றன. இமாசலப் பக்கம் தீபக், லடாக் பக்கம் ஹிமாங்க். நின்றுகொண்டிருந்த வரிசையில் எங்களுக்கு இரண்டு வண்டி முன்னால் ஒரு எண்ணெய் டேங்கர். லேவுக்குப் போகும் டீசல். ஆயிரக்கணக்கான லிட்டர். பூட்டி முத்திரை வைத்தது. பக்கத்தில் எவன் வண்டி வறண்டு நின்றாலும் அதிலிருந்து ஒரு சொட்டு கொடுக்க முடியாது. லடாக்கின் அடுப்பும் ஜெனரேட்டரும் ராணுவ வண்டியும் குளிர்காலம் முழுவதும் எரிப்பது இப்படி ஏறிப் போகும் எண்ணெயைத்தான். 1999 கார்கில் போரின்போது ஸ்ரீநகர் - லே நெடுஞ்சாலை பீரங்கிக் குண்டுகளுக்கு இலக்கானது. அப்போது லடாக்குக்குப் பொருட்கள் போக இந்த மணாலிச் சாலைதான் கைகொடுத்தது. 2020 அக்டோபர் 3ஆம் தேதி திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை ரோத்தாங் கணவாயைத் தவிர்த்து, தூரத்தில் 46 கிலோமீட்டரைக் குறைத்தது. தண்டிக்கு இப்பால் உள்ள கணவாய்கள் மட்டும் அப்படியேதான் இருக்கின்றன.

இரவு சர்ச்சுவில், கூடாரத்தில் தங்கினோம். விடியற்காலையில் தண்ணீர் வாளியில் பனிக்கட்டி. உஸ்தாத் எழுந்ததும் டேங்கின் வெளிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். மேல்பகுதியில் வெண்பனி படிந்திருந்தது, கீழே இல்லை. பகலின் சூட்டை டீசல் நெடுநேரம் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெற்றிடத்துத் தகடு சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. பனி எங்கே முடிகிறதோ அங்கே டீசல் ஆரம்பிக்கிறது. இதற்குக் குச்சிகூட வேண்டாம். பகலில் என்றால் ஸ்பேனரால் தட்டிப் பார்ப்பார். வெற்றிடம் கணீரென்று ஒலிக்கும், டீசல் இருக்கும் இடம் மந்தமாக. நம் ஊரில் பானை வாங்குகிறவர்கள் விரலால் தட்டிக் கேட்பதைப் போல.

அங்கேதான் இன்னொரு விஷயத்தையும் சொன்னார். குளிரில் டீசல் 'சுருங்குகிறது', முதலாளி நம்பமாட்டேன் என்கிறார் என்று. முதலாளிதான் தவறு. ஒரு டிகிரி வெப்பம் குறைந்தால் டீசலின் கன அளவு ஏறக்குறைய பத்தாயிரத்தில் எட்டுப் பங்கு குறையும். சமவெளியில் 35 டிகிரி வெயிலில் நிரப்பிய 300 லிட்டர், பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து டிகிரியில் 290 லிட்டராக நிற்கும். பத்து லிட்டர் எங்கேயும் போகவில்லை. எடை அதேதான், எரிசக்தியும் அதேதான். ஆனால் குச்சியில் அரை வெட்டு காணாமல் போயிருக்கும். திருட்டு என்று சந்தேகப்பட அது போதும்.

சர்ச்சுவோடு இமாசலம் முடிந்து லடாக் தொடங்குகிறது. சிறிது தூரத்தில் காட்டா லூப்ஸ். 21 கொண்டை ஊசி வளைவுகள், ஒன்றன் மேல் ஒன்றாக. ஏறத் தொடங்குமுன் உஸ்தாத் வண்டியை நிறுத்தி இடது டேங்குக்கு மாற்றினார். "ஒன்று." "இரண்டு." சோட்டுவின் குரல் மலையில் பட்டுத் திரும்பியது. வலதில் இன்னும் 20 லிட்டர் இருந்தது. அதையும் தீர்த்துவிட்டு மாற்றலாமே? கூடாது. டீசல் எஞ்சின் ஒரு முறை காற்றை உறிஞ்சிவிட்டால், மறுபடி டீசல் ஊற்றுவதால் மட்டும் ஓடாது. ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து அடித்து ஏர் எடுக்க வேண்டும். காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியளவே இருக்கும் உயரத்தில், விரல் மரத்துப்போகும் குளிரில், வளைவை அடைத்துக்கொண்டு நிற்கும் வண்டியின் கீழே படுத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது. பேட்டரியும் குளிரில் பாதி பலத்தோடுதான் இருக்கும். அதனால் அந்த 20 லிட்டர் கணக்கில் வராத டீசல். அதைப் பற்றி நினைக்கவே கூடாது என்பது உஸ்தாதின் விதி.

வளைவுகளின் நடுவே சாலையோரம் கற்களை அடுக்கிக் கட்டிய சின்ன மாடம். சுற்றிலும் குவியலாகத் தண்ணீர் பாட்டில்கள், சிகரெட்டுகள். இந்தச் சாலையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பனிக்காலம் தொடங்கும் நேரத்தில் ஒரு லாரி இங்கே பழுதாகி நின்றது. டிரைவர் உதவி தேடி நடந்து போனார். சரக்குக்குக் காவலாகக் கிளீனரை விட்டுவிட்டுப் போனார். பனி கொட்டிச் சாலை மூடியது. திரும்பி வந்தபோது பையன் உயிரோடு இல்லை. அன்றிலிருந்து அவன் ஆவி போகிற வருகிற வண்டிகளிடம் தண்ணீர் கேட்கிறதாம். எந்த வருடம், யாருடைய வண்டி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். கதை உண்மையோ இல்லையோ, அந்தப் பாட்டில்கள் உண்மை. அவற்றை வைத்தவர்களில் பலர் லாரிக் கிளீனர்கள். சோட்டுவும் இறங்கி ஒரு பாட்டில் வைத்துவிட்டு வந்தான். உஸ்தாத் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சிறிது தூரம் போன பிறகு சொன்னார்: "என் வண்டி நின்றால் இரண்டு பேரும் இருப்போம். இல்லாவிட்டால் இரண்டு பேரும் போவோம். சிமெண்டைக் காக்க ஆள் வேண்டாம்."

பாங் என்பது ஊர் அல்ல. ராணுவ முகாமும், சாலையோரம் வரிசையாகக் கூடாரச் சாப்பாட்டுக் கடைகளும். கடைக்காரப் பெண்மணியை டிரைவர்கள் 'அமா-லே' என்று அழைக்கிறார்கள். அம்மா என்பதற்கான மரியாதையான லடாக்கி சொல். மாலைக் காற்று எழுந்துவிட்டதால் உஸ்தாத் அதற்குமேல் போகவில்லை. உள்ளே ஏழெட்டு டிரைவர்கள். பேச்சு முழுக்க டீசல். ஒருவர் இன்னொருவருக்கு ஒரு கேன் கொடுத்தார். பணம் கைமாறவில்லை. சிகரெட் அட்டையின் பின்புறம் வண்டி எண்ணும் '20' என்ற எண்ணும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ட்ரிப்பில் எங்காவது எதிரே வரும்போது திருப்பித் தருவதாம். எழுதிய பேனாவை அமா-லே திரும்ப வாங்கி வைத்துக்கொண்டார்.

இந்த கேஜைச் சரி செய்ய எத்தனை செலவாகும்? அங்கே இருந்த எல்லோரும் சேர்ந்து பதில் சொன்னார்கள். இரண்டு டேங்குக்கும் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய், அரை நாள் வேலை. பிறகு ஏன் சரி செய்வதில்லை? முதலாளி முள்ளைப் பார்த்துக் கணக்குப் போடுவதில்லை. கிலோமீட்டரைப் பார்த்துப் போடுகிறார். வண்டி வறண்டு நின்றால் ஏர் எடுப்பது டிரைவர், கேன் வாங்குவது டிரைவர். அவர் ஏன் செலவழிக்க வேண்டும்? கொஞ்சம் தயங்கி, உஸ்தாத் மறுபக்கத்தையும் சொன்னார். கொடுத்த அளவில் மிச்சம் பிடித்தால் அது டிரைவருக்கு. சிலர் அதை விற்றுக் காசாக்குகிறார்கள். முள் சரியாக இருந்தால் மிச்சம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும். "முள் செத்துக் கிடப்பதில் இரண்டு பேருக்கும் சம்மதம்தான். குளிர் மட்டும் ஒருத்தருக்கு" என்றார்.

கூடாரத்தின் ஓரத்தில் ஓர் இளைஞர் பேசாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். புது வண்டி. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பி.எஸ். 6 விதிகள் வந்த பின் தயாரானது. அதிலும் இரண்டு டேங்க். ஆனால் இரண்டாவதில் டீசல் இல்லை. நீல மூடி போட்ட அந்தச் சின்ன டேங்கில் இருப்பது யூரியாக் கரைசல். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக யூரியா, மீதி தூய நீர். புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்ஸைடுகளைக் குறைப்பதற்காகப் புகைக்குழாயில் தெளிக்கப்படுகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 11 டிகிரியில் உறைந்துவிடும். அதற்கும் ஒரு சென்சார், அதற்கும் ஒரு அளவு. உஸ்தாதின் வண்டியில் முள் பொய் சொன்னால் எஞ்சினுக்கு அது தெரியாது, ஓடிக்கொண்டேயிருக்கும். புது வண்டியில் சென்சார் பொய் சொன்னால் எஞ்சின் அதை நம்பிவிடுகிறது. கரைசல் தீர்ந்துவிட்டது, அல்லது சரியில்லை என்று அது சொன்னால், கம்ப்யூட்டர் எஞ்சினின் பலத்தைக் குறைத்துவிடும். போன மாதம் லாச்சுங் லா ஏற்றத்தில் தனக்கு அப்படித்தான் ஆனது என்றார் அந்த இளைஞர். மூடியைத் திறந்தால் கண்ணுக்கெதிரே கரைசல் ததும்புகிறது. ஆனால் கண்ணை யார் கேட்கிறார்கள்? நடக்கிற வேகத்தில் கணவாயைத் தாண்டினாராம்.

டீசல் டேங்கிலும் முதலாளி ஒரு சென்சார் வைத்திருக்கிறார். அளவு உடனுக்குடன் அவருடைய போனுக்குப் போக வேண்டும். இந்தச் சாலையின் பெரும்பகுதியில் சிக்னல் இல்லாததால் சேர்த்து வைத்து, சிக்னல் கிடைத்த இடத்தில் மொத்தமாக அனுப்புகிறது. வளைவில் வண்டி சாய்ந்தபோது டீசல் ஒரு பக்கம் ஒதுங்கியதை, 15 லிட்டர் திடீரென்று குறைந்ததாக அது எழுதிக்கொண்டது. லேவுக்குள் நுழைந்ததும் முதல் போன்: "காட்டா லூப்ஸில் யாருக்கு விற்றாய்?" கூடாரமே சிரித்தது. இளைஞர் சிரிக்கவில்லை.

இதனால் முன்னேற்றமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. குளிரில் டீசல் மெழுகாக இறுகும்போது டேங்கின் அடியில் தீ மூட்டிச் சூடாக்கிய காலத்தை உஸ்தாத் பார்த்திருக்கிறார். மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியும் இருக்கிறார். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கென்று குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியது. பானிப்பட் சுத்திகரிப்பு ஆலையில் தயாராகும் அது பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை இறுகாது. "அதைக் கண்டுபிடித்தவன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்" என்றார். அவருடைய குறை வேறு. அளக்கிற கருவி யாருக்காக அளக்கிறது என்பது. டீசலை மாற்றியவர்கள் அந்தக் குளிரை மனதில் வைத்து மாற்றினார்கள். சென்சாரை வைத்தவர் குளிரில் நிற்கப் போவதில்லை.

மறுநாள் மோரே சமவெளி. 4,700 மீட்டர் உயரத்தில் சுமார் 40 கிலோமீட்டருக்குக் கோடு போட்டது போன்ற சாலை. தூரத்தில் சாங்பா மேய்ப்பர்களின் ஆடுகள் புள்ளி புள்ளியாக. இங்கே சாய்வு இல்லை, குலுங்கல் குறைவு. கேஜ் உண்மை சொல்லக்கூடிய ஒரே இடம் இதுதான் என்று உஸ்தாத் சுவிட்சைத் தட்டிக் காட்டினார். முக்கால். பிறகு தங்லங் லா. கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு முதல் கியரில் ஏறி, பிரார்த்தனைக் கொடிகளுக்குக் கீழே ஒரு நிமிடம் நின்று, மறுபக்கம் நீண்ட இறக்கம். உப்ஷியில் சிந்து நதி எதிர்ப்படுகிறது. மறுபடியும் மரங்கள், பார்லி வயல்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

காருவில் பங்குக்குப் பக்கத்தில் சமதரையாகப் பார்த்து நிறுத்தினார். நோட்டுப் புத்தகத்தில் சாலையோரக் கிலோமீட்டர் கற்களை வைத்து எழுதிய கணக்குப்படி இடது டேங்கில் 45 லிட்டர் இருக்க வேண்டும். குச்சியை விட்டார். இரண்டாவது வெட்டுக்குக் கொஞ்சம் மேலே ஈரம். வலதில் அந்தக் கணக்கில் வராத 20 லிட்டர் அப்படியே இருந்தது. குச்சியைத் துடைத்து இடத்தில் வைத்துவிட்டு, தண்டியில் தன் கைக்காசில் போட்ட 20 லிட்டரை நோட்டில் தனி வரியில் எழுதினார். அந்த வரிக்கு இதுவரை பணம் திரும்பி வந்ததில்லை. ஆனாலும் எழுதுவாராம்.

போன் அடித்தது. முதலாளி. சிமெண்ட் நனைந்ததா, எப்போது இறக்குவார்கள், டீசல் எவ்வளவு இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு உஸ்தாத் முள்ளையும் பார்க்கவில்லை, குச்சியையும் பார்க்கவில்லை.

"கணக்குப்படி இருக்கிறது, சேட்ஜி" என்றார்.